வயிற்றில் கைவைக்காத சிக்கனம்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களை மட்டும் தனியே எடுத்தால் 94.9. முந்திய ஆண்டு ஆயிரம் ரூபாயோடு சந்தைக்குப் போனவர், அதே பையை நிரப்ப ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் கொண்டுபோக வேண்டியிருந்தது. சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி. அதற்குப் பின் வந்த மாதங்களில் கொழும்புக் குடும்பங்கள் எதை எந்த வரிசையில் குறைத்தன என்பதை நினைத்துப் பார்க்கலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடியிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்திலும் அந்த வரிசை பெரிதாக வேறுபடவில்லை. முதலில் இறைச்சி போனது, அடுத்து மீன், பிறகு முட்டை, பிறகு பிள்ளையின் பால்மா. கடைசியில் வீட்டிலிருக்கும் வயதானவரின் பிரஷர் குளிசை. பாணும் சீனியும் வெறுந்தேத்தண்ணியும் நிலைத்து நின்றன. கலியாண வீட்டுக்குக் கொடுக்கும் பணம் குறையவில்லை. கைத்தொலைபேசி டேற்றாவும் குறையவில்லை.

இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதற்கான வழிகளைத்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது. புரதத்தையும் மருந்தையும் வெட்டி மிச்சம் பிடிக்கும் பணம் ஓராண்டுக்குள் வைத்தியசாலைக் கட்டிலில் செலவாகிவிடும். மிச்சம் பிடிப்பதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. அடுப்பில் இருக்கிறது, பொட்டலத்தில் இருக்கிறது, குப்பைவாளியில் இருக்கிறது.

'அதெல்லாம் முடிந்த கதை, இப்போது நாடு நிமிர்ந்துவிட்டது' என்று சொல்பவர்கள் உண்டு. 2023 நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது உண்மை. விலை ஏறும் வேகம்தான் அதனால் குறைந்தது. ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நிற்கிறது. 2019இல் இலங்கையில் 11.3 சதவீதமாக இருந்த வறுமை 2023இல் 25.9 சதவீதம் என்று உலக வங்கி மதிப்பிட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. அந்த ஆண்டு முடிவில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டது. நெருக்கடிக் காலத்தில் கற்ற பழக்கங்களை மறப்பதற்கான காலம் இன்னும் வரவில்லை.

சின்னப் பொட்டலத்தின் விலை

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதி, புளூமெண்டல் வீதிப் பக்கத்து ஒழுங்கைக் கடைகளில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். யாரும் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை. நூறு கிராம் பருப்பு, ஐம்பது கிராம் மிளகாய்த்தூள், ஒரு சஷே ஷாம்பு, சின்னப் பைக்கற் பால்மா, போத்தலில் அளந்து ஊற்றிய தேங்காயெண்ணெய். துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் நாட்கூலிக்கு நிற்பவர் கையில் அன்றைக்கு வரும் காசு அவ்வளவுதான். அவரிடம் போய் 'மொத்தமாக வாங்குங்கள்' என்று புத்தி சொல்வதில் அர்த்தமில்லை. மொத்தமாக வாங்கக் காசு இருந்தால் அவரே வாங்கியிருப்பார்.

ஆனால் சின்னப் பொட்டலம் விலை கூடியது என்பது கணக்கு. ஒரு எளிய சோதனை: நூறு கிராம் பொட்டலத்தின் விலையைப் பத்தால் பெருக்கி, அதே கடையின் ஒரு கிலோ விலையோடு ஒப்பிடுங்கள். கிலோவுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் வித்தியாசம் வந்தாலும், பருப்பு, சீனி, மா, சவர்க்காரம் என்று நான்கு சாமானுக்கும் மாதம் முழுதும் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் சில நாள் மீன் செலவு அதற்குள் போய்விட்டிருக்கும்.

இதற்கு நடைமுறையில் உள்ள வழி கூட்டாக வாங்குவது. கொட்டாஞ்சேனைக்காரருக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. புறக்கோட்டை நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், பருப்பு ஆகியவற்றின் மொத்த வியாபாரம் நான்காம் குறுக்குத் தெருவிலும் அதை அண்டிய தெருக்களிலும் நடக்கிறது. மரக்கறிக்கான மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கு இடம்மாறிவிட்டது. களனிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஒரே தோட்டத்தில் இருக்கும் நான்கைந்து வீடுகள் ஆளுக்கொரு தொகை போட்டு, ஒருவரை அனுப்பி, வந்ததை வீட்டுத் தராசில் பிரித்துக்கொள்ளலாம். சீட்டுக் கட்டத் தெரிந்த ஊருக்கு இது புதிய வித்தையல்ல. வாரக் கூலி வாங்குபவர்கள் சனிக்கிழமையில் ஆரம்பித்தால் இலகு.

வெள்ளவத்தையின் பிரச்சினை வேறு. அங்கே கிலோக் கணக்கில் வாங்கக் காசு பெரும்பாலும் இருக்கிறது; வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கீழே இறங்கினால் காலி வீதி முழுக்கக் கடைகள். குளிரூட்டிய கடைக்குள் கூடையோடு போனால் பட்டியலில் இல்லாத மூன்று சாமான் கூடவே வரும். வெள்ளவத்தைச் சந்தையில் மாலையில் மரக்கறி விலை இறங்குகிறது. காலி வீதியில் ஓடும் 100, 101 இலக்கப் பஸ்கள் இரண்டும் நேரே புறக்கோட்டைக்குப் போகின்றன. மாதம் ஒருமுறை தொடர்மாடியின் நான்கு வீட்டார் சேர்ந்து அரிசியும் பருப்பும் செத்தலும் எடுத்துவந்து, ஒரு முச்சக்கர வண்டிக் கூலியைப் பகிர்ந்துகொண்டால் செலவு இறங்கும். பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாத தொடர்மாடிகளில் இதைத் தொடங்குவதுதான் கஷ்டம். தண்ணீர் மோட்டர் பழுதான நாளில் எல்லோரும் படிக்கட்டில் கூடுவார்கள். அன்றைக்குப் பேச்சைத் தொடங்கலாம்.

மீன் விஷயத்தில் மாலை மலிவு விலையை நம்பக்கூடாது. சூரை, கெலவல்லா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெளியில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்ற்றமின் சேரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்து வைத்தியசாலைக்கு ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மலிவு வேண்டுமென்றால் காலையில் வாங்கும் சாளை, சூடை, நெத்தலி.

காஸ், கரி, மின்சாரம்

2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதும், 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,675 ரூபாய்க்குப் பாய்ந்தது. 2022 ஏப்ரலில் 4,860. காசு கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு வீதியோரத்தில் இரவு கழித்தார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. இடையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஐந்தாம் மாடி பல்கனியில் மூன்று செங்கல் வைத்து விறகு எரித்த வீடுகள் வெள்ளவத்தையில் இருந்தன.

அந்த நெருக்கடி கற்றுத்தந்தவற்றில் மிகப் பயனுள்ளது, அடுப்பை அணைத்த பிறகும் சமைக்கலாம் என்பது. வெள்ளைக்காரர் வைக்கோல் பெட்டி என்று சொன்ன முறை இது. கொழும்பில் வைக்கோலுக்குப் போக வேண்டியதில்லை. தடித்த மட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, அடியிலும் சுற்றிலும் பழைய பெட்சீற்றையும் சேலையையும் நெருக்கமாகத் திணிக்க வேண்டும். அரிசியைக் கழுவி அரை மணித்தியாலம் ஊறவிட்டு, அளவான தண்ணீரில் இறுக்கமான மூடியுள்ள பானையில் கொதிக்கவைக்க வேண்டும். கொதி வந்து ஐந்து நிமிடம் போனதும் மூடியைத் திறக்காமல் அப்படியே பெட்டிக்குள் இறக்கி, மேலே ஒரு தலையணையை அமுக்கி மூடிவிட வேண்டும். முக்கால் மணித்தியாலத்தில் சோறு பதமாக இருக்கும். குத்தரிசிக்குக் கொதிக்கவிடும் நேரம் பத்து நிமிடம், பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம். இரவே ஊறப்போட்ட கடலையையும் கௌபியையும் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போய்வருவது ஆபத்து. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் எடுத்து இன்னொரு கொதி காட்டிச் சாப்பிட வேண்டும். கொழும்பு வெக்கையில் ஆறிய பானை கிருமிக்குத்தான் வசதி.

விறகுக்குத் திரும்பியவர்கள் 1986இல் இலங்கையில் அறிமுகமான 'அனகி' மண் அடுப்பைத் தேடலாம். ஒரு வாயால் விறகு வைத்து இரண்டு பானை ஏற்றும் அடுப்பு அது. மூன்று கல் அடுப்பைவிட விறகும் புகையும் குறைவு. காற்றோட்டம் இல்லாத அறைக்குள் கரியடுப்பு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்குபவர் எழும்பமாட்டார். காஸ் அடுப்புக்காரர் ரியூப்பையும் ரெகுலேற்றரையும் பார்த்து மாற்றும் செலவைத் தள்ளிப்போடக் கூடாது. 2021 நவம்பர், டிசெம்பரில் வீடு வீடாக நடந்த வெடிப்புகளுக்கு சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூற்றேன் விகிதம் மாறியதே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் காஸ் கசிவதற்குப் பழைய ரியூப்பும் பொருத்தும் வழிவிடும்.

மின்சாரத்தில் ஒரு கோடு இருக்கிறது, அது 60. மாதப் பாவனை 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு கட்டணம். 61ஆவது யூனிற் விழுந்தால் கடைசி ஒரு யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் யூனிற்றிலிருந்தே கூடிய வீதத்தில் கணக்குப் போடுகிறார்கள். கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது, பிறகு குறைந்தது, திரும்பவும் மாறலாம். கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. சின்னக் குடும்பம் மாத நடுவில் ஒருமுறை மீற்றரைப் பார்த்து எழுதிவைத்தால், இஸ்திரிக்கைப் பெட்டியை எந்த வாரம் தொடக்கூடாது என்று தெரிந்துவிடும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

2022 நடுப்பகுதியில் இலங்கையில் அறுபத்துமூன்று லட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை என்று ஐ.நா.வின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன. அந்த ஜூனில் உலக உணவுத் திட்டம் கொழும்பின் வசதி குறைந்த பகுதிகளில் இருந்த கர்ப்பிணிகளுக்கு மாதம் 15,000 ரூபாய் உணவு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. முதலில் ஏன் கர்ப்பிணிகள்? வயிற்றுப் பிள்ளைக்கு அந்த மாதங்களில் கிடைக்காத சத்தைப் பிறகு ஈடுசெய்வது கடினம். வீட்டில் யாராவது ஒருவருக்கு மட்டும்தான் முட்டை என்ற நிலை வந்தால் அது கர்ப்பிணிக்கோ ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கோ போக வேண்டும். உழைக்கிறவருக்குத்தான் முதல் துண்டு என்ற பழக்கம் நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. அதை மாற்ற வேண்டியது தட்டு பரிமாறுகிறவர் அல்ல, தட்டுக்கு முன்னால் இருக்கிறவர்.

பால்மா பற்றிப் பேசாமல் கொழும்புச் சமையலறையைப் பற்றிப் பேச முடியாது. ஒரு கோப்பை பால் தேத்தண்ணிக்குப் போடும் இரண்டு தேக்கரண்டி மா பத்துக் கிராம் வரும். அதில் புரதம் இரண்டரைக் கிராம்தான். ஒரு முட்டையில் ஆறு கிராமளவு. உலர்ந்த பருப்பு நூறு கிராமில் இருபத்துநான்கு கிராமளவு. நியூசிலாந்திலிருந்து கப்பலில் வரும் மாவுக்குக் கொடுக்கும் காசை அப்படியே நெத்தலிக் கருவாட்டுக்கும் பருப்புக்கும் மாற்றினால் குடும்பத்துக்கு லாபம். முள்ளோடு சாப்பிடும் நெத்தலியில் கல்சியமும் இருக்கிறது. கருவாட்டை அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் உப்புக் குறையும். கறிக்குத் திரும்ப உப்புப் போடவும் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால்மா நின்றதும் தேத்தண்ணிக்குச் சீனி கூடும். அதையும் கவனிக்க வேண்டும்.

நகரத்தில் நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கிறது. மலிவுச் சாப்பாடு என்றால் அது பெரும்பாலும் மாச்சத்துத்தான்: காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவு திரும்பப் பாண் அல்லது கோதுமை மா றொட்டி. இதில் ஒரு வேளையையாவது குரக்கன் புட்டாகவோ, சிவப்பரிசி மா இடியப்பமாகவோ, அவித்த கௌபியாகவோ பயறாகவோ மாற்றலாம். கௌபியும் பயறும் உள்ளூரில் விளைபவை. தேங்காய்ப்பூவும் ஒரு கொச்சிக்காயும் இருந்தால் கறியே தேவையில்லை.

இலைக்கஞ்சியைச் சிங்களக் குடும்பங்கள் விடாமல் வைத்திருக்கின்றன. தமிழ் வீடுகளில் அது நோயாளிச் சாப்பாடாகிவிட்டது. ஒரு பிடி சிவப்பரிசியைக் குழைய அவித்து, வல்லாரை அல்லது முருங்கையிலையை அரைத்துப் பிழிந்த சாற்றை இறக்கும் நேரத்தில் ஊற்றி, இரண்டாம் பால் கொஞ்சம் சேர்த்தால் நான்கு பேரின் காலைச் சாப்பாடு தயார். பாணும் பட்டரும் வாங்கும் காசில் பாதிகூட ஆகாது. கீரை சாப்பிடும் வேளையில் தேசிக்காய் ஒரு துளி விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்புச்சத்து வீண். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கொழும்பைச் சுற்றிய சதுப்புகளில் வளரும் கங்குன் போன்ற கீரைகளில் பார உலோகங்கள் ஆய்வுகளில் கண்டறியப்பட்டதுண்டு. ஆகவே தினமும் ஒரே கீரை வேண்டாம். மாற்றி மாற்றி வாங்குவது நல்லது. கால்வாய் ஓரத்தில் தானாக வளர்வதைப் பறிக்கவே வேண்டாம்.

அடுத்தது பலாக்காய். 1915 கலவரத்தின்போது சிறைக்குப் போன பாணந்துறை ஆர்தர் வி. டயஸ், வெளியே வந்தபின் நாடு முழுக்கப் பலாக்கன்று நடச்சொல்லி இயக்கம் நடத்தினார். 'கொஸ் மாமா' என்பது மக்கள் அவருக்கு வைத்த பெயர். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசிக் கப்பல்கள் நின்றபோது அந்த மரங்கள்தான் பல வீடுகளில் சோறு போட்டன. 1970களின் பாண் வரிசைக் காலத்தில் மரவள்ளியும் பலாவும் கைகொடுத்ததைச் சொல்லக்கூடிய பாட்டிமார் இன்றும் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். பலாக்காய்க் காலத்தில் சந்தையில் துப்புரவாக்கி வெட்டிய சுளையையே கிலோவாக விற்கிறார்கள். கையில் பால் ஒட்டும் என்ற சாட்டு இனிச் செல்லாது. கொட்டையை வறுத்தோ கறிவைத்தோ சாப்பிடலாம். மரவள்ளியை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும்: தோல் முழுதும் நீக்கி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடியைத் திறந்துவைத்து அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கசக்கும் கிழங்கைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

குளிர்பானப் போத்தலில் 2016 முதல் நிறக்குறி இருக்கிறது. நூறு மில்லிலீற்றரில் பதினொரு கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, இரண்டுக்குக் கீழே இருந்தால் பச்சை. சிவப்புக்குக் கொடுக்கும் காசு இருமடங்கு நட்டம்.

2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது அரசாங்கம். ஹம்டன் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருப்பவர் எங்கே கொத்துவது என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் வெயில் படும் பல்கனிக் கம்பியில் பசளிக்கொடி ஏறும். வெட்டிய பெயின்ற் வாளியில் பொன்னாங்காணியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வரும். இதனால் மாதச் செலவு பெரிதாக இறங்கிவிடாது. ஆனால் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காகக் கீழே இறங்கி, இருநூறு ரூபாய்க்கு வேறு ஏதோ வாங்கிக்கொண்டு ஏறுவது நின்றுபோகும். வாளிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்க விடக்கூடாது. கொழும்பு மாவட்டம் டெங்குவில் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்பது. தண்ணீர் வெட்டுக்குப் பயந்து நிரப்பிவைக்கும் வாளிகளும் மூடியோடு இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். டிக்ளோபெனக்கோ ஐபுபுரொபெனோ அஸ்பிரினோ கடையில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது. டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

குளிசையைப் பாதியாக உடைக்காதீர்கள்

இலங்கை தனக்கு வேண்டிய மருந்தில் பெரும் பகுதியை இறக்குமதி செய்கிறது. டொலர் இல்லாத 2022இல் அரச வைத்தியசாலைகளில் நோயாளிகளிடம் சீட்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். வெளியிலோ விலை மிகவும் ஏறியிருந்தது. அப்போதுதான் பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் பழக்கமும், சீனி வருத்தத்துக்கான குளிசையைப் பாதியாக உடைக்கும் பழக்கமும் பல வீடுகளில் தொடங்கின. இவை இரண்டும் பக்கவாதத்துக்கும் சிறுநீரகப் பழுதுக்கும் போகும் வழி. அந்தச் செலவுக்கு முன்னால் குளிசைச் செலவு ஒன்றுமேயில்லை.

வெள்ளவத்தைத் தமிழர் பலருக்கு அரச வைத்தியசாலை என்றாலே ஒரு தயக்கம். வரிசை, சிங்களம் பேச வேண்டிய சங்கடம், காலை நாலரைக்கு எழும்பும் தொல்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் டொக்டரைச் சனல் பண்ணுகிறார்கள். நோய் என்னவென்று கண்டுபிடிக்கச் சனல் பண்ணலாம், அதில் தவறில்லை. ஆனால் நீரிழிவு, பிரஷர், கொலஸ்ரோல் போன்ற வாழ்நாள் வருத்தங்களுக்கு மாதா மாதம் தனியாருக்குக் காசு கட்டுவது வீண். களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிந்து ஒரு கிளினிக் கொப்பி எடுத்தால், பரிசோதனையும் மருந்தும் இலவசம். கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தேசிய வைத்தியசாலை அருகில். கொழும்பு மாநகர சபை நடத்தும் டிஸ்பென்சரிகளும் ஆயுர்வேத மருந்தகங்களும் காசு கேட்பதில்லை. முப்பத்தைந்து வயது தாண்டியவர் வருத்தம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை: அரச வைத்தியசாலைகளோடும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடும் இணைந்த ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இரத்த அழுத்தம், சீனி, எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே கூட்டமே இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கர்ப்பிணிகள் மாநகர சபைத் தாய்சேய் கிளினிக்கில் பதிந்தால், 1973 முதல் நாட்டில் கொடுக்கப்பட்டுவரும் திரிபோஷ சத்துமாவும் கிடைக்கும். அதைப் பிள்ளைகளுக்குத் தின்பண்டமாகக் கொடுத்துத் தீர்க்காமல் தாயே சாப்பிட வேண்டும்.

மருந்து வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தால் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயரைக் கேட்க வேண்டும்: மெற்போமின், லொசாட்டன், அற்றோவஸ்ரற்றின். ஒரே மருந்து, வேறு வேறு பெட்டி, வேறு வேறு விலை. இந்தச் சிந்தனை இலங்கைக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் இங்கே வகுத்த மருந்துக் கொள்கையைத்தான் பின்னர் வேறு நாடுகளும் எடுத்துப் பார்த்தன. அவர் முன்னின்று 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் 'ஒசுசல' கடைகள் இன்றும் நடக்கின்றன. கொழும்பு 7, தர்மபால மாவத்தையில் ஒரு பெரிய கிளை உண்டு. மூன்று கடை ஏறி விலை கேட்பதற்கு முன் அங்கே கேட்டுவிடுவது நல்லது. மலிவு என்று சொல்லி யாரோ பையில் கொண்டுவந்து தரும் மருந்து மட்டும் வேண்டாம். 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கே தரமற்ற இம்யூனோகுளோபுலின் வந்து சேர்ந்தது. அது தொடர்பில் அன்றைய சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானார். கவனம் தேவைதான்.

கடன், நகை, உதவி

நெருக்கடிக் காலத்தில் செட்டியார் தெருவில் நகை வாங்குபவர்கள் குறைந்து அடகு வைப்பவர்கள் கூடினார்கள். அடகு வைப்பது தப்பில்லை. திகதியை மறப்பதுதான் தப்பு. வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் இரண்டாண்டில் நகையின் விலையில் கணிசமான பங்கு போய்விடும். அரை நகையை விற்று மீதியை மீட்பது பல சமயம் லாபம். சொல்லக் கேட்கப் பிடிக்காத கணக்கு இது, ஆனால் சரியான கணக்கு. நண்பர்களுக்குள் கட்டும் சீட்டு நல்லது, ஆட்களைத் தெரிந்திருந்தால். கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் காசு தரும் கடன் செயலிகளும் வாசலுக்கு வந்து வாரம் வசூலிக்கும் நுண்கடனும் கடைசித் தெரிவாக இருக்கட்டும்.

2023 ஜூலையில் சமுர்த்தியின் இடத்தில் வந்த அஸ்வெசும உதவிக்கு கொழும்பில் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் இருக்கிறார்கள். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாயாக இருந்தது 2025 ஜனவரியில் 17,500 ஆனது; அடுத்த பிரிவுக்கு 8,500இலிருந்து 10,000. வாடகை வீட்டில் இருப்பதால் கிடைக்காது என்று ஒதுங்கியிருக்க வேண்டாம். வெள்ளவத்தையில் இருப்பவர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும் கொட்டாஞ்சேனையில் இருப்பவர் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும் உரியவர். முதல் படி கிராம உத்தியோகத்தர். தமிழில் விண்ணப்பிக்க உரிமை உண்டு, தமிழிலேயே பதில் கேட்கவும் உரிமை உண்டு.

கடன் தொல்லையில் தூக்கம் போனவர்கள், சாப்பாடு இறங்காதவர்கள், இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கியவர்கள் வீட்டில் இருந்தால், அதைக் காசுப் பிரச்சினை என்று மட்டும் எண்ணி விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம். திடீர் நெஞ்சுவலிக்கும் வலிப்புக்கும் முச்சக்கர வண்டி தேடி ஓடாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசு இல்லை. பொட்டலத்தில் போட்டிருக்கும் விலைக்கு மேல் கடைக்காரர் கேட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977. இந்த மூன்று இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, அடுத்த கிளினிக் திகதியையும் கீழே குறித்து, வீட்டிலிருக்கும் வயதானவர் கண்ணில் படும் இடத்தில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.